ஆற்றோர விடுதி

"காலையில தேவாலயக் கோபுரம், சாயங்காலம் படகு, ராத்திரி ஆத்தோர விடுதி," என்றாள் ஒடில்.

"நம்ம ஊர்லேயே விடுதி எதுக்கு?" என்றார் கணவர் ஃபெர்னான்.

"இல்லேன்னா நடுராத்திரியில எழுந்து வேலைக்கு ஓடிடுவீங்க. கல்யாணமானதுலேருந்து பகல்ல நீங்க முழிச்சிருந்து நான் பார்த்ததே இல்ல. ரெண்டு நாள் எனக்குக் கொடுங்க."

கொடுத்தார். கோபுரம் ஏறினார்கள், படகிலும் போனார்கள். மறுநாள் காலை விடுதியில் காபியோடு பிஸ்கட்தான் வந்தது.

"ரொட்டி இல்லையாம்மா?"

"மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பணிப்பெண். "எதிர்த்த கடையிலேருந்துதான் எங்களுக்கு ரொட்டி வரும். அந்தக் கடைக்காரர் பொண்டாட்டியோட ஊர் சுத்திப் பார்க்கக் கிளம்பிட்டாராம்!"

ஃபெர்னானின் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த கடைச் சாவியைத் தொட்டது. ஒடில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்திட்டு வரட்டும், பாவம். இன்னிக்கு நமக்குப் பிஸ்கட் போதும்."