பதினோராயிரம் கையெழுத்து

போனில் வந்த அந்தப் படத்தைப் பார்த்ததும் பிரிவு அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு ஒருவன். அவன் கையைப் பிடித்தபடி, நெற்றியில் தழும்போடு அவன் மனைவி.

முகமூடி இல்லாமல் கழிவுநீர்க் குழியில் இறங்கி விஷவாயு தாக்கியதாம். முகமூடி கேட்டு எழுதிப்போட்டு ஒன்பது மாசம் ஆகிறதாம். அதிகாரிக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, அதில் குறை சொல்வதற்கில்லை.

போனை மேஜையிலிருந்த ஃபைல் அடுக்கில் சாய்த்து வைத்தார். சத்தம் வீடியோவில் விழும் என்று ஏசியை அணைத்தார்.

"நண்பர்களே, எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இதை அமுக்கி வச்சிருக்கான். அவன்லாம் சோறுதான் திங்கிறானா? கீழே இருக்கிற மனுவுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு தட்டு தட்டினா போதும்!"

எழுத்தரம்மா ஒரு ஃபைலோடு உள்ளே வந்தாள். "சார், இது கொஞ்சம் அவசரம்..."

"ஷ்ஷ்! ரெக்கார்டிங் போகுதும்மா."

ஃபைலை வாங்கி, கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே, கடைசிப் பக்கத்தில் 'பேசவும்' என்று எழுதித் தேதியும் இட்டு அடுக்கின் மேல் போட்டார். கையெழுத்துப் போடப் பயமோ சோம்பலோ வந்தால் அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம். எழுதிவிட்டால் ஃபைல் நகராது. பேசப் போனால் சார் மீட்டிங்கில் இருப்பார்.

மதியத்துக்குள் மனுவில் பதினோராயிரம் கையெழுத்து. வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க வீடியோவைப் பாத்துட்டு எங்க அக்கா அழுதுட்டாளாம்!"

"அழுதது இருக்கட்டும். ஷேர் பண்ணாளா?"

போனை வைத்து நிமிர்ந்தால், எழுத்தரம்மாவோடு ஒரு பெண் வாசலில் நின்றிருந்தாள். நெற்றியில் தழும்பு. அதிகாரி எழுந்தே விட்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க! அந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானே? காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் போராடிக்கிட்டிருக்கேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

நாற்காலி நுனியில் அவள் உட்கார்ந்தாள். "கண்ணு முழிச்சிட்டாரு. என்னை அடையாளம் தெரியலை. அவரு வேலைக்கு என் கொழுந்தனைப் போட்டிருக்காங்க சார். நாளைக்குக் காலையில அதே குழியில இறங்கணும்."

"முகமூடி?"

"மூஞ்சில துணியைக் கட்டிக்கச் சொல்லிட்டாங்க. இருபத்திரெண்டு வயசு. நான் தூக்கி வளர்த்த புள்ளை."

அதிகாரி மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். போனை அவளிடம் நீட்டினார். "இங்க பாருங்க, பதினோராயிரம் பேர் உங்க பக்கம்!"

அவள் அதை வாங்கவில்லை. "அத்தனை வேணாம் சார். ஒரே ஒரு கையெழுத்து இருந்தா சாயங்காலமே முகமூடி எடுத்துக் குடுத்துடுவாங்களாம்."

"யார் போடணும்? அந்தப் பாவியை மட்டும் காட்டுங்கம்மா, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். ஊரே பாக்க நாறடிச்சிடறேன்!"

சொன்னதோடு நிற்காமல் நேரலையையும் போட்டுவிட்டார். போன் மறுபடி அடுக்கில் சாய்ந்தது. நூறு பேர், முந்நூறு பேர், எழுநூறு பேர் என்று பார்ப்பவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். "பயப்படாம சொல்லுங்கம்மா," என்றார், காமிராவைப் பார்த்து.

அவள் எழுத்தரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எழுத்தரம்மா அடுக்கின் மேலிருந்த ஃபைலைக் கண்ணால் காட்டினாள்.

அவள் அதை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தாள். மேலே, 'குழியில் இறங்குவோருக்கு முகமூடி வழங்குதல்' என்று இருந்தது. கீழே வரிசையாக நான்கு முறை ஒரே கையெழுத்தில் ஒரே வார்த்தை. கடைசியாக எழுதியதில் இன்றைய தேதி.

"பேசவும்னு எழுதியிருக்கீங்க. பேச வந்திருக்கேன் சார்."