தலைச்சன் கழுதை

தலைச்சனாகப் பிறந்ததெல்லாம் கடவுளுக்கு என்பது ஒரு நாட்டில் கடவுளோடு செய்த உடன்படிக்கை. கழுதை மட்டும் தீட்டு, பலிக்கு ஆகாது. அதனால் தலைச்சன் கழுதைக்குப் பதிலாகப் பழுதில்லாத ஆட்டுக்குட்டி ஒன்றை ஆசாரியரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கழுதையின் கழுத்தை முறித்துவிடுவார்கள்.

அப்படி ஒரு கழுதை, தனக்கு ஈடான குட்டியைத் தானே முதுகில் சுமந்து போனது.

“உன்மேல் உட்காரவே கூசுகிறது,” என்றது குட்டி. “பார்த்துப் போ. என்மேல் ஒரு கீறல் விழக்கூடாது.”

“விழவே கூடாது,” என்ற கழுதை, முள்ளைக் கண்ட இடமெல்லாம் ஒதுங்கி நடந்தது.

கோயில் வாசலில் ஆசாரியர் குட்டியைப் புரட்டிப் பார்த்தார். “பழுதில்லை. பலிபீடத்துக்குக் கொண்டுபோங்கள்.”

“பார்த்தாயா? உன்னால் இந்த வாசலைத் தாண்ட முடியுமா?” என்றது குட்டி.

“எனக்கு ஏது அந்தக் கொடுப்பினை,” என்று சொல்லிவிட்டுக் கழுதை வீட்டைப் பார்த்து நடந்தது.