நாலாம் இலக்கம்

பிறின்ஸ் நாலாம் இலக்கத்தை மிதித்ததும் கிற்றார் சத்தம் கிணற்றுக்குள் விழுந்தது போல் அடங்கியது.

ஒலி மிக்ஸரில் இருந்த நான் வழக்கம் போல அவனுடைய சத்தத்தைத் தூக்கினேன். அடுத்த சரணத்துக்கு அவன் இரண்டாம் இலக்கத்துக்கு மாற, காது கிழிந்தது. பாடகர் குழு முழுவதும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. பழி எப்போதும் மிக்ஸர்காரனுக்குத்தான்.

நாவற்குடாவில் எங்கள் கோயிலில் ஐந்து வருடமாக இதே கூத்து. காலால் மிதித்துக் கிற்றார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெட்டியில் அவன் எட்டு ஒலிகளைச் சேமித்து வைத்திருந்தான். ஏழு ஒரே அளவில் கேட்கும், நாலாவது மட்டும் முனகும். கடல் காற்றுப் பட்ட பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

இன்று விட முடியாது. நாட்டில் சண்டை முடிந்து வரும் முதல் நத்தார், யேசு பிறப்பின் ஒளிவிழா, ஆறு மணிக்குத் தொடக்கம்.

"இந்த முறை பயமில்லாமச் சத்தமாப் பாடுங்க" என்று பாதர் சொல்லியிருந்தார். இன்றும் சத்தம் ஏறி இறங்கினால் இனிக் கிற்றார் வேண்டாம், கீபோட் போதும் என்றும் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் பிறின்ஸுக்குச் சொல்லவில்லை. கிற்றாரும் போனால் அவனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

ஒத்திகைக்கு நடுவில் தேத்தண்ணிக்கு எல்லோரும் வெளியே போன நேரம் பெட்டியைக் கழற்றினேன். துருவில்லை, உப்பில்லை, பழுதென்று ஒன்றுமே இல்லை. நாலாவதன் சத்தத்தை யாரோ வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. மற்ற ஏழோடும் மாறி மாறி மிதித்துப் பார்த்து, சமமாகும் வரை திருகி, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறின்ஸ் வந்து மறுபடி பாட்டைத் தொடங்கினான்.

மூன்றாவது சரணம் வந்தது. அவன் மனைவி தனுஷா தனியாகப் பாடிய சரணம். இப்போது அதை யாரும் பாடுவதில்லை. கிற்றார் மட்டும் போகும், குழு தலை குனிந்து நிற்கும்.

நாலை மிதித்தான். கிற்றார் கோயில் நிறைய ஒலித்தது.

அவன் கை நின்றுவிட்டது. குனிந்து பெட்டியைப் பார்த்தான்.

"மச்சான், முந்தி எத்தினயில இருந்தது?"

நான் பார்த்து வைக்கவில்லை. அவனும் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

இரண்டாயிரத்து நாலு, நத்தாருக்கு முதல் நாள், இதே இடம். தனுஷாவுக்கு மெல்லிய குரல். அவள் பாடப் பாட அவன் நாலாவதைத் திருகினான். இன்னும் குறை, இன்னும் குறை என்று மிக்ஸரில் இருந்து கை காட்டியவன் நான். அவள் குரல் கிற்றாருக்கு மேலே வந்த இடத்தில் கையைத் தூக்கி, போதும் என்றேன்.

நத்தார் அன்று பாடினாள். மறுநாள் காலைப் பூசை முடிந்து அவன் வயர் சுற்றிக்கொண்டிருக்க, தேத்தண்ணி வைக்கவென்று அவள் முன்னால் வீட்டுக்குப் போனாள். கோயில் வாசலோடு நின்ற கடல், வீட்டை விடவில்லை. அவளைத் தேடி எடுக்க முடியவில்லை.

பிறின்ஸ் ஒரு தந்தியைத் தட்டித் தட்டிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தான். கண்ணை என் கையில் வைத்திருந்தான்.

நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அவன் கடைசி வரை குறைத்தான். எந்தக் குரலும் மேலே வரவில்லை.