சுண்டுவிரல்

செல்லுக்கு வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கொண்டுசேர்க்கும் நொதி அது. அதன் மரபணு பழுதானவர்களுக்கு முதலில் சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு கைகால் விழுந்துவிடும். நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தமும் வேண்டும். அந்த நோயை ஆராயும் ஆய்வகத்தில் அதற்கு வெளியே ஆள் தேடுவதில்லை. கூட வேலை பார்ப்பவர்களே கையை நீட்டிவிடுவார்கள். இம்முறை நீட்டியவள் வடிவு. அவள் இரத்தத்திலும் அதே பழுது தெரிந்தபோது, நோயாளியின் துளி கலந்துவிட்டதென்று, சோதனையைச் செய்த பிரிசில்லா தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடி எடுத்துச் செய்தாள். பழுது அப்படியே இருந்தது.

“ஏதாவது கலந்திருக்கும். வேற யாரோடதாவது போட்டு முடிம்மா,” என்றார் பேராசிரியர், தலை நிமிராமல்.

வடிவு புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு மேசையில் இடித்தது. பிரிசில்லாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

“திரும்பவும் சொதப்பிட்டியாடி? உனக்கு ரத்தம் குடுத்தே நான் பாதியாயிடுவேன்.” இடது கையை நீட்டினாள்.

இனித் தேவைப்படாத இரத்தத்துக்காகப் பிரிசில்லா ரப்பர் பட்டையை எடுத்து அந்தக் கையில் கட்டினாள்.

“விரலை மடக்கு வடிவு.”

நான்கு விரல்கள் உடனே மடங்கின.