கிளி ஒட்டிய டப்பா

கேன்டீன்காரர் பிரின்சிபால் மேடத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மருத்துவமனைக் கட்டிலில். நர்சிங் கல்லூரியையே ஆட்டிவைத்த கை, போர்வைமேல் துவண்டு கிடந்தது.

"டப்பாவுல இன்னும் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"தீர்ந்தா வறுத்துத் தர இனி நான் இருக்க மாட்டேன். பொண்ணுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் போனப்புறமும்."

"சொல்ல மாட்டேங்க."

இரங்கல் கூட்டம் முடிந்ததும் மேடத்தின் பழைய மாணவிகள் சிலர் நேராகக் கேன்டீனுக்கு வந்தார்கள். இப்போது எல்லோரும் வார்டு சிஸ்டர்கள். ஆடுகிற அதே மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும் குரலெல்லாம் பழையபடி இளசாகிவிட்டது.

"அண்ணா, அந்தப் பின்பக்க ஜன்னல் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. கொக்கிதான் துருப்பிடிச்சுப் போச்சு."

பரீட்சைக் காலத்தில் அந்த ஜன்னல் வழியாகத்தான் திருட்டுக் காபி போகும். முன்பு ஒருத்தி வரிசையாகக் காபி குடித்துவிட்டு ஊசி போடும் தேர்வுக்குப் போய், கை நடுங்கி, மருந்தை ஏற்ற முடியாமல் அழுதுகொண்டே வெளியே வந்தாள். அதிலிருந்து பரீட்சை முடியும்வரை விடுதியில் காபி கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். அலமாரி அலமாரியாகச் சோதனை. 'காபி போலீஸ்' என்று பட்டப்பெயர்.

"என் டப்பாவையும் தூக்கிட்டுப் போனாங்க. மூடியில ஆசையா கிளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். திருப்பித் தரவே இல்லை" என்றாள் டபுள் ஸ்ட்ராங். டிகாக்ஷனை இரண்டு மடங்கு ஊற்றச் சொல்லியே அந்தப் பேரை வாங்கியவள்.

"நீ விட்டியா? டம்ளரும் கையுமா மாட்டினப்ப என்னடி சொன்னே?"

"கஷாயம் மேடம், தொண்டை கட்டிக்கிச்சுன்னேன். நம்பிட்டாங்க."

"மூணு வருஷமும் உனக்குத் தொண்டை கட்டினதை நம்பினாங்களா!"

ஒரே சிரிப்பு.

"எனக்கு மட்டும் அண்ணா போட்ட காபியைக் குடிச்சா தூக்கம் சொக்கும்" என்றாள் இன்னொருத்தி. "நல்லா தூங்கிட்டு விடிகாலையில எழுந்து படிப்பேன். என் உடம்புதான் கோளாறுன்னு நெனச்சுக்குவேன்."

கேன்டீன்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா, அதே காபி ஒரு தடவை போட்டுக் குடுங்களேன்."

போட்டுக் கொடுத்தார். டபுள் ஸ்ட்ராங் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"அப்படியே இருக்குண்ணா. இது இல்லேன்னா நான் பாஸே பண்ணியிருக்க மாட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "செத்தவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா ஒரு வாய் காபிக்குக்கூட மனசு வராத மனுஷி. நீங்கதான் எங்களைப் பெத்தவங்க மாதிரி பார்த்துக்கிட்டீங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கேன்டீன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாகப் பாராட்டெல்லாம் அவருக்கு, திட்டெல்லாம் மேடத்துக்கு. படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தபிறகுமா?

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தார். காட்ட மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

"இன்னொரு டம்ளர் நீயே போட்டுக்கோம்மா. தூள் மேல்தட்டுல இருக்கு."

எக்கி எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடியில், நிறம் போய், வால் உரிந்து, ஒரு கிளி.

"அண்ணா... இது மேடம் எடுத்துட்டுப் போன என் டப்பா. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவர் காலி டம்ளரை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"திருடறோம்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டிருக்காங்கடி..."

டப்பா ஒவ்வொரு கையாக மேஜையைச் சுற்றி வந்தது.

அதில் கால்வாசி மிச்சம் இருந்தது. வறுத்த பார்லியும் கொஞ்சம் சிக்கரியும். காபி ஒரு பொட்டுகூடக் கிடையாது.