கூட்டிப் பெருக்கும் முன்

"அரே, லைவ் போடாத! அதப் போட்டா ஜிசி மொதல்ல கூட்டிப் பெருக்கிட்டுத்தான் காப்பி எடுக்கும்."

அல்மாஸின் விரல் என்டர் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

கட்டளையின் நடுவில் 'லைவ்' என்ற அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. அவள் யோசித்து எழுதியதல்ல, விரல்கள் தாமாக எழுதியது. இணையம் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த நாட்களிலிருந்து இந்த அலுவலகத்தின் பழக்கம் அது. கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு எதை அனுப்பினாலும் முதலில் ஜிசி என்ற துப்புரவு நிரலை விட்டு நினைவகத்தின் குப்பையைக் கூட்டு, பிறகு படி எடு, சின்னதாக அனுப்பு.

இன்று அந்தக் குப்பைக்குள்தான் அவள் தம்பி ஹம்தான் இருந்தான்.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவசரத்தில் பக்கத்திலிருந்த இடைவெளியும் சேர்ந்து போனது. அதைத் திரும்ப வைத்தாள்.

"எடுத்துட்டேன், பையா."

தடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த வினோத் அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. வயர்லெஸை வாயோடு ஒட்டிப் பிடித்தபடி அடுத்த திரைமேல் குனிந்திருந்தார். "பதினேழாம் நம்பர் போட்டு இன்னும் தெக்க இழுக்குது. தெக்க... ஹாங், பாறைப் பக்கம்."

கீழே அபர்டீன் பஜாரில் ஆட்டோக்கள் மழைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மதியம்தான், ஆனாலும் விளக்கு போட வேண்டியிருந்தது.

இந்த மாடி அறையில் ஓடும் நிரலின் வேலை ஒன்றே ஒன்று. படகுகளில் பொருத்திய சின்னக் கருவிகள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நிரல் அதைக் கேட்டு, ஒவ்வொரு படகையும் தன் பட்டியலில் கயிறு கட்டி வைத்திருக்கும்.

கரை சேர்ந்தவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. கருவியை அணைத்துவிட்டு டீக்கடைக்கு நடந்துவிடுவார்கள். அதனால் நிரலுக்கு ஒரு விதி: அரை மணி நேரம் பேசாத படகு, கரை சேர்ந்த படகு. கயிற்றை அறுத்துவிடு.

தீவுக் கடைகளுக்குச் சரக்கு போடப் போன அவள் தம்பியின் சின்ன டிங்கிப் படகு, மழை பிடித்த சற்று நேரத்தில் பேச்சை நிறுத்தியது. அவன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று நிரல் முடிவு கட்டிவிட்டது.

ஆனால் அவன் சாத்தம் படகுத்துறையிலும் இல்லை, பேம்பூஃபிளாட் துறையிலும் இல்லை.

அவன் கடைசியாகச் சொன்ன இடம் நினைவகத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்னும் கிடந்தது. கயிறு அறுந்ததும் எதுவும் அழிந்துவிடாது. இடம் போதாமல் போகும்போதுதான் ஜிசி விளக்குமாற்றோடு வரும். வந்தால் நிரல் முழுவதையும் அப்படியே நிற்கவைத்துவிட்டு, யாரும் பிடித்துக்கொண்டிருக்காத எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். எது யாருடைய தம்பி என்று கேட்காது.

கணினியின் வட்டில் எழுதி வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. அந்த வேலை அடுத்த மாதத்துக்கென்று இருந்தது.

நினைவகக் கோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் இருந்தது; நூற்றைத் தொட்டால் ஜிசி வந்துவிடும். புயல் நாளில் எல்லாப் படகுகளும் ஓயாமல் பேசின. ஒவ்வொரு பேச்சும் கொஞ்சம் இடத்தைத் தின்றது.

மேசையில் போன் அதிர்ந்தது. கராச்சர்மாவிலிருந்து உம்மா. அல்மாஸ் அதைக் கவிழ்த்து வைத்தாள். என்ன சொல்வது? தம்பி இருக்கிற இடம் இன்னும் அழியவில்லை என்றா?

கட்டளை தயார். ஒரே ஒரு தட்டு. ஆனால் படி எழுதி முடிகிறவரை நிரல் மூச்சுவிடாது. சில நிமிடங்களுக்குத் திரையில் எந்தப் படகும் அசையாது.

எஞ்சின் நின்றுபோன பதினேழாம் எண் படகு பாறைகளை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைத் தேடிப் போன மீட்புப் படகுக்கு மழையில் தன் முனையே தெரியவில்லை. வினோத்தின் குரல்தான் அவர்களுக்குக் கண். அவர்கள் கிட்டே போகிறவரை பொறு என்று வினோத் முன்பே சொல்லியிருந்தார்.

அவள் பொறுத்தாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

பதினேழு, பதினேழு! இவ்வளவு நேரமும் அந்த வாயிலிருந்து ஒரு மனிதப் பெயர் வரவில்லை. இவருக்கென்ன, திரையில் ஒரு புள்ளி. அவள் தம்பிக்குப் பெயர் இருந்தது.

"பையா, அவங்க நங்கூரம் போட்டுக்குவாங்க. எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் இல்ல."

"நங்கூரம் பிடிக்கல." அவர் திரும்பவில்லை.

தொண்ணூற்றாறு.

போதும். அல்மாஸ் விரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. மழையும் எஞ்சினும் கலந்த இரைச்சலுக்குள்ளிருந்து மீட்புப் படகுக்காரன் கத்தினான்.

"வினோத் பாய், குச் நஹி, ஒண்ணுமே தெரியல! பதினேழுல உங்கப்பாகிட்ட டார்ச் இருக்குமா?"

அல்மாஸ் தலையைத் திருப்பினாள்.

வினோத் சட்டைக் கையால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், மழை அதன்மேல்தான் பெய்கிறது என்பதுபோல. "இல்ல பாய். ரிப்பேருக்குன்னு நான் எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார். பிறகு தெற்கில் இன்னும் எவ்வளவு என்று சொன்னார். குரல் மாறவில்லை.

கோடு தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது.

பொத்தான்மேல் இருந்த விரலை அவள் எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை.

வினோத் பதினேழின் சிவப்புப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அமுக்கும்போது ஒரு வார்த்த சொல்லிட்டு அமுக்கு, அல்மாஸ். அவங்களுக்குக் கடைசியா ஒரு பொசிஷன் குடுத்துக்கறேன்."