ஆறு மாத மேனேஜர்

"சார், அந்தக்கா சோப்பைக் கடிச்சிடுச்சு சார்!"

சேல்ஸ்மேன் கோதண்டம் அலறியதும் அக்தர் ஓடினான். படப்பை மார்க்கெட் நடுவில், காய் வாங்க வந்த எல்லம்மா நுரை நுரையாகத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் பர்பி இது? தித்திப்பே இல்ல, நாக்கெல்லாம் எரியுது!"

பாத்திரம் தேய்க்கும் பச்சை சோப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஜிகினா ஒட்டிய தட்டில் அடுக்கி, தீபாவளி வாரத்தில் "இலவசம், எடுத்துக்குங்க" என்று நீட்டச் சொன்னது அக்தரின் சொந்த மூளை. அதே மூளை இப்போது சோடா வாங்கிக் கொடுத்தது. நுரை இரட்டிப்பானது.

மன்னிப்பு கேட்டு, இரண்டு முழு சோப்பை அவள் கையில் வைத்தான்.

"இதையும் துன்னணுமா?" என்றாள் எல்லம்மா.

ஒருவழியாக அவள் வாய் கொப்பளித்துக் கிளம்பினாள்.

"மேல தெரிஞ்சா பேஜாராயிடும் சார்" என்றான் கோதண்டம்.

"நீ சொல்லாம இருந்தா தெரியாதுண்ணா."

அக்தர் அந்த சோப்புக் கம்பெனியின் மண்டல மார்க்கெட்டிங் மேனேஜர். தற்காலிகம். பிரசவத்துக்குப் போன ஜெயஸ்ரீ மேடத்தின் இடத்தில் ஆறு மாதம். அடுத்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமாகுமா என்று பத்து முறை கேட்டுவிட்டான். பத்து முறையும் ஹெட் ஆபீஸ் "பார்க்கலாம்" என்றது. அவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெண் கைனாத்தின் அப்பாவோ, "வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, அன்னிக்கே நிக்காஹ் தேதி குறிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

செல்போனில் ஒரு மிஸ்டு கால். ஜெயஸ்ரீ மேடம்! திரும்ப அழைத்தான்.

"அக்தர், கீழ்க்கட்டளை வீட்டுக்கு வர முடியுமா? நேர்ல பேசணும்."

சோப்பு சமாச்சாரம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா? பைக் தாம்பரம் தாண்டும்வரை மனசுக்குள் மன்னிப்புக் கடிதம் எழுதினான். பல்லாவரத்தில் அது ராஜினாமாக் கடிதமாகிவிட்டது.

தூளியில் குழந்தை தூங்கியது. ஜெயஸ்ரீ முறுக்கு வைத்தாள். நன்றாகப் பார்த்துவிட்டே கடித்தான்.

"ஆபீஸ்ல என்ன பேசிக்கறாங்க அக்தர்?"

'தெரிந்தே ஆழம் பார்க்கிறாள்' என்று நினைத்தான்.

"எல்லாரும் உங்களைத்தான் விசாரிக்கறாங்க மேடம்."

"நிஜமாவா? யார் யாரு?"

"அது... பொதுவா."

"புதுசா ஆள் எடுக்கப் போறாங்கன்னு ஏதாவது..."

"நீங்க எப்ப வர்றீங்க மேடம்?"

"பார்க்கலாம்" என்றாள் அவளும்.

அக்தருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், இன்னிக்கு ஒரு அம்மாவுக்கு நான் சோப்பு ஊட்டியிருக்கேன். வேணும்னா அதையும் ரிப்போர்ட் பண்ணிடுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு நேரா சொல்லுங்க. திரும்பி வர்றீங்களா, இல்லையா? உங்க பதில்லதான் என் கல்யாணமே நிக்குது."

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கே தெரியாது அக்தர். என்னைத் திரும்ப எடுத்துப்பாங்களான்னு உங்ககிட்ட கேட்கத்தான் கூப்பிட்டேன். நானும் டெம்பரரிதான், நாலு வருஷமா."